உட்காருபவர்களுக்குக் கட்டம் இல்லை

என் கையில் எண்ணும் கருவி.
கட்டைவிரலால் அழுத்தினால் 'க்ளிக்'.
வூச் நகராட்சி எனக்குத் தரும் கூலி
இந்தச் சத்தத்துக்குத்தான்.

முதல் தடவை போனது மார்ச்சில்.
இகியெல்னா தெரு. போலிஷில் ஊசி என்று பொருள்.
ஒரு காலத்தில் எதையெதைத் தைத்ததோ,
நான் பார்த்தபோது காது ஒடிந்து கிடந்தது.
இருபுறமும் கார்கள்,
நடைபாதை மேல் ஒரு சக்கரத்தை ஏற்றி,
காலைத் தூக்கிய நாய்களைப் போல.
உதிரும் காரையைப் பிடிக்க
பால்கனிகளுக்கு அடியில் வலை கட்டியிருந்தார்கள்.
வலையில் விழுந்திருந்தது ஒரு குழந்தைச் செருப்பு.
யாரும் தேடி வந்ததாகத் தெரியவில்லை.

எட்டு மணி நேரம்.
நிறுத்திய வண்டி நாற்பத்தொன்று.
நடந்தவர் முந்நூற்றுப் பன்னிரண்டு, எல்லோரும் விரைவாக.
நின்றவர் என்று படிவத்தில் கட்டம் இல்லை.
நிற்கவும் இல்லை யாரும்.

பதினேழாம் எண் வீட்டிலிருந்து மஜேனா இறங்கி வந்தாள்.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரவு வேலை,
விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது.
"என்னை எண்ணிவிட்டாயா?"
"இரண்டு முறை. குப்பை கொட்டப் போனது ஒன்று, வந்தது ஒன்று."
ஆறு வருடமாக மரம் கேட்டு மனு எழுதுகிறாளாம்.
ஒவ்வொரு பதிலிலும் ஒரே வரி:
அடியில் குழாய் போகிறது.
"குழாய் எங்கேதான் போகவில்லை" என்றாள்,
"எனக்குள்ளும்தான் போகிறது."

எதிர்ப்பக்கம் லெஷெக், சைலன்சர் பட்டறைக்காரர்,
கதவில் அட்டை மாட்டியிருந்தார்:
எங்கள் பார்க்கிங் எங்களுக்கு.
இரண்டு எழுத்துப்பிழை.

பிறகு தோண்டினார்கள்.
தாருக்கு அடியில் கருங்கல்,
கல்லுக்கு அடியில் மணல்,
மணலுக்கு அடியில் ஈரம்,
இத்தனை நாளும் யாரும் கேட்காத ஈரம்.
பதினெட்டு மாதம் என்றார்கள், இருபத்தேழு ஆனது.
ரொட்டிக்கடை அதற்குள் மூடிவிட்டது.

இரண்டாம் தடவை ஜூனில் போனேன்.
பதினோரு லிண்டன் மரங்கள்,
ஒவ்வொன்றும் மூன்று கட்டைகளுக்கு நடுவில்,
எலும்பு முறிந்து எழுந்து நிற்கக் கற்பவர் மாதிரி.
மழை இறங்கும் பள்ளத்தில் கோரைப்புல்.
வலைகளைக் கழற்றியிருந்தார்கள்.
செருப்பு என்ன ஆயிற்றென்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன்.

பெஞ்சில் லெஷெக், ரொட்டியும் ஊறுகாய் வெள்ளரியும்.
"வண்டியை மூன்று தெரு தள்ளி விடுகிறேன்.
நாசமாய்ப் போகட்டும் இந்த மரம்" என்றார்.
நிழல் நகர்ந்தது.
அவரும் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்துகொண்டார்.

படிவம் புதிது.
நடப்பவரை இப்போது இரண்டாகப் பிரிக்க வேண்டும்:
வசிப்பவர், வருகையாளர்.
உட்காருபவர்களுக்கு இன்னும் கட்டம் இல்லை.

மூன்று மணிக்கு மஜேனா வந்தாள்,
டிராம் நிறுத்தத்தின் பக்கமிருந்து,
இரண்டு கையிலும் ஐந்து லிட்டர் கேன்.
வீட்டுக்காரர் கடிதம் போட்டாராம்:
தெரு அழகாகிவிட்டது, ஆகவே.
அந்த 'ஆகவே'க்குப் பிறகு வாடகை.
இப்போது கடைசி நிறுத்தத்தில், ஒன்பதாம் மாடியில் இருக்கிறாள்.

"மூன்றாவது மரம் மஞ்சளாகிறது, பார்த்தாயா?
ஒப்பந்தக்காரன் பெரிய மரங்களுக்கு மட்டும் ஊற்றுகிறான்.
செவ்வாய் எனக்கு விடுமுறை."
மூடியைத் திருகியபடி கேட்டாள்:
"என்னை எந்தக் கட்டத்தில் போடப் போகிறாய்?"

கட்டைவிரல் கருவியின் மேல் இருந்தது.
அவள் கேனைக் கவிழ்த்தாள்.
தண்ணீர் உடனே இறங்கவில்லை.
கொஞ்ச நேரம் மண்ணின் மேல்
ஒரு துண்டு வானத்தை வைத்துக்கொண்டு நின்றது,
பிறகு போயிற்று, குழாய்கள் இருக்கும் பக்கம்.

அன்றைய மொத்தத்தில் ஒன்று குறைகிறது.
மேற்பார்வையாளர் கேட்டால்
விரல் வலித்தது என்பேன்.